ஆறாத காயமும் அயராத அன்பும்

இவன் இனித் திருந்தமாட்டான் என்று எல்லாரும் கைவிட்ட பிள்ளை ஒருவன் உம் வீட்டில் இருக்கிறானா? அல்லது, சர்வேசுரன் என்னைப் போன்ற பாவிக்காக இன்னுமா காத்திருப்பார் என்று நீரே மனஞ் சோர்ந்திருக்கிறீரா? அப்படியானால் அர்ச். கமில்லுஸின் சரித்திரம் உமக்காகவே.

கமில்லுஸ் 1550-ம் ஆண்டு மே மாதம் 25-ந் தேதி இத்தாலி நாட்டில் புக்கியானிக்கோ என்னும் சிற்றூரில் பிறந்தார். அப்போது அவருடைய தாயார் வயது முதிர்ந்தவராயிருந்தார். அவர் கர்ப்பவதியாயிருக்கையில் ஒரு கனவு கண்டதாகச் சொல்லப்படுகிறது. மார்பில் சிலுவை அணிந்த சிறுவன் ஒருவன், அதே அடையாளமுள்ள ஒரு கூட்டத்துக்கு முன்னால் நடந்து போனான். கொள்ளைக் கூட்டத்துக்குத் தலைவனையா பெறப்போகிறேன் என்று அந்தத் தாய் கலங்கினார். மகன் வளர்ந்த விதமோ அந்தக் கலக்கத்தை இன்னும் கூட்டிற்று. படிப்பில் நாட்டமில்லை, சூதாட்டமே அவருக்கு எல்லாம். மகன் திருந்தியதைக் காணாமலே தாயார் கண்மூடினார்.

வாலிபரான கமில்லுஸ், போர்வீரரான தம் தகப்பனாரோடு வெனிஸ் நகரப் படையில் சேரப் புறப்பட்டார். தகப்பனாரும் இறந்தார். கமில்லுஸின் காலில் ஒரு புண் உண்டாயிற்று. துக்க வேளையில், அர்ச். பிரான்சிஸ்குவின் சபையில் சேருவதாக நேர்ந்துகொண்டார். சில நாளில் அதை மறந்தார். 1571-ம் ஆண்டில் உரோமாபுரியிலுள்ள அர்ச். யாகப்பர் ஆஸ்பத்திரியில் சிகிச்சை பெற்று, அங்கேயே வேலையும் செய்தார். ஆனால் சூதும் சண்டையும் அவரை விடவில்லை. அங்கிருந்து வெளியேற்றினார்கள். மறுபடியும் படைக்குப் போனார். 1574-ம் ஆண்டில் நேப்பிள்ஸ் நகரில் தம்மிடமிருந்த எல்லாவற்றையும் சூதாடித் தோற்றார். பின்பு மன்பிரெதோனியா ஊரில் கோவில் வாசலில் நின்று பிச்சை கேட்டார். கப்புச்சின் சபையார் அங்கே கட்டிடவேலை நடத்தி வந்தார்கள். கமில்லுஸுக்கு அங்கே கூலிவேலை கிடைத்தது.

வாசகரே, இதுவரை எத்தனை முறை சர்வேசுரன் அவர் கதவைத் தட்டினார் என்று எண்ணிப் பாரும். தாயின் கண்ணீர், தகப்பனின் மரணம், செய்த நேர்ச்சை, காலிலுள்ள புண், கடைசியில் பிச்சை. ஒவ்வொரு முறையும் கமில்லுஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆண்டவரோ கோபித்துக்கொண்டு போய்விடவில்லை. அடுத்த திருப்பத்தில் காத்திருந்தார்.

1575-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் 2-ந் தேதி, தேவமாதாவின் சுத்திகரத் திருநாள். முந்தின நாள் ஒரு கப்புச்சின் குருவானவர் சொன்ன புத்திமதி மனதில் உறுத்திக்கொண்டிருக்க, கமில்லுஸ் வாகன மிருகத்தின்மேல் மன்பிரெதோனியாவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். நடுவழியில் இறங்கி முழங்காலில் விழுந்து, தம் பாவங்களுக்காகக் கதறி அழுதார். அப்போது அவருக்கு வயது 24.

அன்றே எல்லாம் சீராகிவிடவில்லை. கப்புச்சின் மடத்தில் சேர்ந்தார். காலின் புண் மறுபடி திறந்துகொண்டதால் வெளியே அனுப்பப்பட்டார். இன்னொரு முறை சேர்ந்தும் அதே கதியாயிற்று. புண் அவரைப் பழைய ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோய்விட்டது. கூலி வாங்கும் வேலையாட்கள் நோயாளிகளைப் புறக்கணிப்பதைக் கண்டு அவர் மனம் வெந்தது. தாமே அவர்களுக்கு ஊழியம் செய்தார். எந்த ஆஸ்பத்திரி அவரை வெளியே தள்ளிற்றோ, அதற்கே அவர் மேற்பார்வையாளர் ஆனார்!

அர்ச். பிலிப்பு நேரி அவருக்கு ஆத்தும குருவாயிருந்தார். 30 வயது தாண்டியபின் சிறுவர்களோடு உட்கார்ந்து லத்தீன் படித்து, 1584-ல் குருப்பட்டம் பெற்றார். நோயாளிகளுக்கு ஊழியம் செய்ய அவர் சேர்த்த சபையை 1586-ல் ஐந்தாம் சிக்ஸ்துஸ் பாப்பரசர் அங்கீகரித்து, சிவப்புச் சிலுவை அணியவும் உத்தரவளித்தார். தாயார் கனவில் கண்டது கொள்ளைக் கூட்டமல்ல, இந்தக் கூட்டமே! இச்சபையார் தரித்திரம், கற்பு, கீழ்ப்படிதல் என்ற மூன்று வார்த்தைப்பாடுகளோடு, உயிருக்கு ஆபத்து நேர்ந்தாலும் நோயாளிகளைக் கைவிடுவதில்லை என்ற நாலாவது வார்த்தைப்பாடும் கொடுக்கிறார்கள். 1598-ல் தைபர் நதி பெருக்கெடுத்தபோது, கமில்லுஸ் நோயாளிகளைத் தூக்கிச் சுமந்து மேல்மாடியில் சேர்த்துக் காப்பாற்றினார்.

1614-ம் ஆண்டு ஜூலை 14-ந் தேதி அவர் உயிர் நீத்தார். காலின் புண் கடைசிவரை ஆறவில்லை. அந்தப் புண்ணைக் கொண்டே ஆண்டவர் அவரை நோயாளிகளிடம் நடத்தி வந்தார். 1746-ல் அவருக்கு அர்ச்சியசிஷ்டர் பட்டம் அளிக்கப்பட்டது. 1886-ல் பதின்மூன்றாம் சிங்கராயர் பாப்பரசர் அவரை நோயாளிகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் பாதுகாவலராக ஏற்படுத்தினார்.

பெற்றோரே, பலன் கண்ணுக்குத் தெரியவில்லையென்று செபமாலையைக் கீழே வைத்துவிடாதீர்கள். கமில்லுஸின் தாயாரும் பலனை இவ்வுலகில் காணவில்லை. பல ஆண்டுகளாய்ப் பாவசங்கீர்த்தனத்தொட்டிக்குத் தூரமாய் நிற்பவரே, உமக்கும் ஒரு வார்த்தை. ஆண்டவர் காத்திருக்கிறார் என்பதற்காக நாளைக்கு என்று தள்ளிவைக்க வேண்டாம். அவர் காத்திருப்பதால் இன்றே வாரும்.