மற்போர் வீரர் ரிகிதோசான்

போரில் தோற்ற நாடு பொருளை இழப்பதோடு தன்மீது கொண்ட நம்பிக்கையையும் இழந்துவிடுகின்றது. 1945ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் ஜப்பான் சரணடைந்தபோது, அந்நாட்டு நகரங்கள் பல சாம்பல் மேடுகளாகக் கிடந்தன. ஏறத்தாழ ஏழாண்டுக் காலம் அயல்நாட்டுப் படை அங்கே தங்கி ஆணை செலுத்தியது. அத்தகைய காலத்தையொட்டி, மக்கள் மீண்டும் தலைநிமிர்ந்து ஆரவாரம் செய்யுமாறு மற்போர்க் காட்சிகளை அமைத்து நடத்தியவர் ரிகிதோசான் ஆவார். ஜப்பானின் வீரத்திற்கே சின்னமாகப் போற்றப்பட்ட அவர், பிறப்பால் ஜப்பானியர் அல்லர் என்பதே அவர் வாழ்வில் அமைந்த பெருவியப்பு.

ரிகிதோசான் 1924ஆம் ஆண்டில் கொரியாவின் வடபகுதியில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் கிம் சின்ராக் என்பது. அந்நாளில் கொரியா ஜப்பானின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. இளமையிலேயே உடல் வலிமை மிக்கவராய் விளங்கிய அவர், ஜப்பானுக்குச் சென்று 1940ஆம் ஆண்டில் சுமோ என்னும் மற்போர்க் களத்தில் இறங்கினார். வட்டக் களத்தினின்று எதிரியை வெளியே தள்ளியோ, பாதம் தவிர்ந்த வேறோர் உறுப்பு நிலத்திற் படச் செய்தோ வெல்வது சுமோவின் முறை. வலிமை, நெறி, மலை என்னும் பொருள் தரும் மூன்று எழுத்துகளால் ஆகிய ரிகிதோசான் என்னும் பெயரை அவர் அங்கேதான் பெற்றார். கொரியர் என்று அறியப்பட்டால் இகழ்ச்சி நேரும் என்பதனால், நாகசாக்கிப் பகுதியைச் சேர்ந்த ஜப்பானியர் என்றே அவர் ஊராருக்கு அறிமுகம் செய்யப்பட்டார். மேன்மேலும் உயர்ந்து, 1949ஆம் ஆண்டில் செகிவாகே எனப்படும் மூன்றாம் உயர்நிலையை எய்தினார். ஆயினும் நோயும் மனக்கசப்பும் அவரை வாட்டின. 1950ஆம் ஆண்டில் சுமோ வீரருக்குரிய குடுமியைத் தம் கையாலேயே அறுத்துக்கொண்டு அக்களத்தை விட்டு விலகினார்.

கட்டட ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் வேலை பார்த்துவந்த காலத்தில் அவர் வாழ்வு புதுவழியில் திரும்பியது. 1951ஆம் ஆண்டில் அமெரிக்க மல்லர்கள் சிலர் ஜப்பானுக்கு வந்து தொழில்முறை மற்போர்க் காட்சிகளை நடத்தினர். அவ்வாண்டு அக்டோபரில் பாபி புரூன்சு என்பவருடன் ரிகிதோசான் பத்து நிமிடம் பொருதார். வெற்றி தோல்வியின்றி அப்போட்டி முடிந்தது. அடுத்த ஆண்டில் ஹவாய்த் தீவிற்குச் சென்று முறையாகப் பயின்றார். அங்கும் அமெரிக்காவிலும் அவர் கற்றவை பிடிகள் மட்டுமல்ல. மல்லர்களை ஒப்பந்தம் செய்தல், அரங்கு அமர்த்துதல், மக்களை ஈர்த்தல் ஆகிய தொழில் நுணுக்கங்களையும் கற்றார். நாடு திரும்பியபின், 1953ஆம் ஆண்டில் ஜப்பான் மற்போர்ச் சங்கத்தைத் தோற்றுவித்தார்.

அதே ஆண்டில்தான் ஜப்பானில் தொலைக்காட்சி ஒலிபரப்பும் தொடங்கிற்று. தொடக்க நாளில் பதிவு செய்திருந்தோர் 866 பேரே. கருவியின் விலை எளியோர்க்கு எட்டாதிருந்தது. ஆதலின், தனியார் நிலையம் ஒன்று தெருமுனைகளிலும் புகைவண்டி நிலைய முற்றங்களிலும் கருவிகளை நிறுவியது. 1954ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் நாள், அமெரிக்காவிலிருந்து வந்த ஷார்ப் உடன்பிறந்தார் இருவரை எதிர்த்து ரிகிதோசானும் ஜூடோ வீரர் கிமுராவும் டோக்கியோவில் கோதாவில் இறங்கினர். நெட்டையான அவ்வெள்ளையர் இருவரையும் ரிகிதோசான் விரித்த கையின் விளிம்பால் ஓங்கி அறைந்து வீழ்த்திய காட்சியை, தெருக்களில் திரண்டு நின்ற பல்லாயிரவர் கண்டு ஆர்ப்பரித்தனர். போட்டி சமமாகவே முடிந்தது. ஆயினும் மக்கள் உள்ளத்தில் வென்றவர் அவரே.

தொழில்முறை மற்போரில் வெற்றி யாருக்கு என்பதை முன்னரே பேசி முடிவு செய்வது வழக்கம். விழும் அடியும், படும் வலியும், உடற்பயிற்சியும் மெய்யே. முடிவு மட்டும் நாடகம். அயல்நாட்டு மல்லன் முறைதவறித் தாக்குவான். ஜப்பானிய வீரர் நெடுநேரம் பொறுப்பார். பொறுமை எல்லை கடந்தபின் பொங்கி எழுவார். மக்கள் எதைக் காண ஏங்குகின்றனர் என்பதை உணர்ந்து, ரிகிதோசான் தம் காட்சிகளை இவ்வாறு அமைத்தார். ஆனால் அதே ஆண்டு டிசம்பரில் கிமுராவுடன் அவர் பொருதபோது, திடீரெனக் கடுமையாகத் தாக்கிக் கிமுராவை நினைவிழக்கச் செய்தார். சமமாக முடிப்பதென்ற உடன்பாடு மீறப்பட்டதாகக் கிமுரா பின்னாளில் கூறினார். புகழின் மீது கொண்ட பெருவேட்கையும் முன்கோபமும் அவரிடம் இருந்த குறைகளாம்.

1955ஆம் ஆண்டில், ஆசிய அரங்குகளில் பெயர் பெற்றிருந்த கிங்காங்கை அவர் வென்றார். 1957ஆம் ஆண்டில், உலக வீரராகிய லூ தெசை டோக்கியோவிற்கு அழைத்து, அறுபது நிமிடம் பொருது சமநிலை கண்டார். வெள்ளிக்கிழமைகளில் ஒலிபரப்பான மற்போரைக் காண்பதற்காகவே பலர் தொலைக்காட்சிக் கருவி வாங்கினர். நிகழ்ச்சிக்குப் பொருளுதவி செய்த நிறுவனம், போட்டிகளின் இடைவேளையில் தன் தூசு உறிஞ்சும் கருவியால் கோதாவைத் துடைத்துக் காட்டி விளம்பரம் செய்தது.

இத்துணைப் புகழுக்கு இடையிலும் அவர் தம் பிறப்பிடத்தை வெளியிட இயலவில்லை. கொரியாவிலிருந்து வந்து மாணவரான கிம் இல் என்பவரும் ஜப்பானியப் பெயருடனேயே களம் புக நேர்ந்தது. 1963ஆம் ஆண்டு சனவரியில் ரிகிதோசான் தென்கொரியாவிற்குச் சென்று வந்தார். ஆனால் அவர் பிறந்த வடபகுதியோ நாட்டுப் பிரிவினையால் எட்டாத மண்ணாகிவிட்டிருந்தது. அவ்வாண்டு டிசம்பர் 8ஆம் நாள், டோக்கியோவின் இரவு விடுதி ஒன்றில் எழுந்த சச்சரவில் கத்திக்குத்துப் பட்டார். ஒரு வாரம் கழித்து, 39ஆம் வயதில் உயிர் நீத்தார்.

அவரிடம் பயின்ற ஜயண்ட் பாபாவும் அந்தோனியோ இனோக்கியும் 1972ஆம் ஆண்டில் தனித்தனிச் சங்கங்களை நிறுவி, அவர் தொடங்கிய தொழிலை வளர்த்தனர். அவர் கொரியர் என்பதை ஜப்பானிய மக்கள் பரவலாக அறிந்தது, அவர் மறைந்து பல ஆண்டுகள் சென்ற பின்னரே. ஒரு நாட்டின் தன்மானத்தைத் தம் தோள்களில் சுமந்தவர், தம் தாய்நாட்டின் பெயரை மட்டும் உள்ளத்திலேயே சுமந்து சென்றார். பிறந்த இடம் பற்றி ஒருவரை இகழ்வோர், தம்மைத் தேற்ற வந்தவரையே ஊமையாக்கிவிடுவர் என்பதை அவர் வாழ்வு உணர்த்துகின்றது.