தீக்குச்சிகளை நடக்க வைத்தவர்

சனிக்கிழமை காலைன்னா நம்மில் பலருக்கு முதலில் ஞாபகம் வருவது கார்ட்டூன்தான். 2007-இல் சுட்டி டிவி வந்த பிறகு, பல் தேய்க்காமலே டிவி முன்னாடி உட்கார்ந்து அம்மாவிடம் திட்டு வாங்காதவர்கள் குறைவு. அந்தக் கார்ட்டூனைக் கொஞ்சம் எஞ்சினியர் கண்ணோடு பார்ப்போமா?

சினிமாவில் ஒரு விநாடிக்கு 24 ஃபிரேம். ஒரே படத்தை இரண்டு ஃபிரேமுக்குப் பயன்படுத்தினாலும் விநாடிக்கு 12 படம் வரையணும். 22 நிமிட எபிசோடுக்கு 15,840 படங்கள்! வாரா வாரம் இதை வரைய எந்த டிவி கம்பெனிக்கும் கட்டுப்படியாகாது. 1957-இல் அமெரிக்க டிவிக்கு வந்த ஹன்னா, பார்பரா என்ற இருவரும் இதற்கு ஒரு குறுக்கு வழியைப் பெரிய அளவில் கையாண்டார்கள். உடம்பை அப்படியே விட்டுவிட்டு, வாயையும் தலையையும் மட்டும் மாற்றி வரைவது. யோகி கரடி கழுத்தில் காலரும் டையும் இருக்கே, அது அழகுக்கு மட்டுமில்லை. தலையைத் தனியாக வரைந்து ஒட்டும் இடத்தை மறைக்கவும்தான். 60-களில் அமெரிக்காவின் சனிக்கிழமை காலைகளைக் கார்ட்டூன் தொடர்கள் பிடித்துக்கொண்டதற்கு இந்தச் சிக்கனம் ஒரு முக்கியக் காரணம்.

ஆனால் எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான். ஒரு ஃபிரேம் எடு, பொருளைக் கொஞ்சம் நகர்த்து, அடுத்த ஃபிரேம் எடு. நம்ம நாட்டில் இதை முதன்முதலில் செய்து பார்த்தவர்களில் ஒருவரின் பெயர் நமக்கு நல்லாவே தெரியும். சிவாஜி கணேசன், கே. பாலசந்தர், ரஜினிகாந்த் வாங்கிய விருதின் பெயர் அது. தாதாசாகேப் பால்கே.

விருது தெரியும், ஆள் யாருன்னு கேட்டால் முழிப்போம். அதனால்தான் இந்தக் கட்டுரை.

துண்டிராஜ் கோவிந்த பால்கே 1870 ஏப்ரல் 30 அன்று நாசிக் அருகே திரியம்பகத்தில் பிறந்தார். அப்பா சமஸ்கிருதப் பண்டிதர். மகனோ பம்பாயில் ஜே.ஜே. ஓவியப் பள்ளியிலும், பிறகு பரோடா கலாபவனிலும் சேர்ந்தார். ஓவியம், போட்டோகிராபி, அச்சுக்கலை என்று கண்ணில் பட்டதையெல்லாம் கற்றார். மேஜிக்கையும் விடவில்லை. தன் பெயரைத் திருப்பிப் போட்டு, புரொபசர் கெல்பா என்ற பெயரில் மேடையேறினார். கோத்ராவில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தபோது பிளேக் நோயில் முதல் மனைவியையும் குழந்தையையும் பறிகொடுத்தார். அதன் பிறகு தொல்லியல் துறையில் அரசாங்க வேலை. சுதேசி இயக்கம் சூடு பிடித்த காலத்தில் அந்த வேலையையும் விட்டுவிட்டு அச்சுத் தொழிலில் இறங்கினார். ரவி வர்மாவின் அச்சகத்துக்கும் வேலை செய்தார். கலர் அச்சு பற்றித் தெரிந்துகொள்ள 1909-இல் ஜெர்மனி போனார். திரும்பி வந்து நல்லா போய்க்கொண்டிருந்தபோது பங்குதாரர்களோடு தகராறு. வெளியே வந்துவிட்டார். அப்போது வயது நாற்பதைத் தாண்டிவிட்டது.

1911-இல் பம்பாயில் ஏசுநாதர் வாழ்க்கை பற்றிய படம் ஒன்றைப் பார்த்தார். நம்ம ராமனும் கிருஷ்ணனும் இப்படித் திரையில் வரணும் என்ற எண்ணம் பிடித்துக்கொண்டது. தொடர்ந்து படங்களாகப் பார்த்துத் தள்ளினார். தூக்கமில்லாமல் கண்ணைக் கெடுத்துக்கொண்டு, சில காலம் பார்வையே போகும் நிலைக்கு வந்து, சிகிச்சையில் தேறினார். ஆயுள் காப்பீட்டு பாலிசிகளை அடகு வைத்து 1912 பிப்ரவரியில் லண்டனுக்குக் கப்பல் ஏறினார். அங்கே செசில் ஹெப்வொர்த்தின் ஸ்டுடியோவில் படம் எடுக்கும் வேலை முழுவதையும் நேரில் பார்த்தார். வில்லியம்சன் கேமரா ஒன்றுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டு, ஏப்ரலில் ஊர் திரும்பினார்.

அடுத்தது பணம். இந்தியாவில் படம் எடுக்க முடியும் என்று யாரும் நம்பவில்லை. பால்கே வாயால் விளக்கிக்கொண்டிருக்கவில்லை. ஒரு தொட்டியில் பட்டாணி விதைத்து, எதிரே கேமராவை நிறுத்தினார். ஒரு மாதத்துக்கும் மேலாக, கொஞ்சம் கொஞ்சமாக ஃபிரேம்கள் எடுத்தார். ஓட்டிப் பார்த்தால், ஒரு நிமிடத்துக்குச் சற்று அதிகமான நேரத்தில் விதை முளைத்து, செடியாகி, கொடியாகப் படர்ந்தது! பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள், பணமும் வந்தது. இன்றைய பாஷையில் சொன்னால், அது ஸ்லைடு இல்லை, ஓடுகிற புரோட்டோடைப்.

அந்தப் பணம் போதாமல் இரண்டாவது மனைவி சரஸ்வதிபாயின் நகைகளும் போயின. ஆனால் சரஸ்வதிபாயின் பங்கு நகையோடு முடியவில்லை. அப்போது வந்த ஃபிலிமில் துளைகள் இருக்காது, நாமே போடணும். அதையும் இருட்டில்தான் செய்யணும். படக்குழு முழுவதுக்கும் சமைத்துப் போட்டுவிட்டு, ராத்திரியில் உட்கார்ந்து அவர் துளை போட்டார். கணக்குப் போட்டுப் பாருங்கள். 35 மி.மீ. ஃபிலிமில் ஒரு அடிக்கு 16 ஃபிரேம், ஒரு ஃபிரேமுக்குப் பக்கத்துக்கு 4 என்று 8 துளை. ராஜா ஹரிச்சந்திரா 3,700 அடி. அதாவது 4,73,600 துளைகள். ஒன்று பிசகினாலும் படம் திரையில் குதிக்கும்.

பெண்கள் நடிக்க முன்வராததால், ஓட்டலில் சமையல் வேலை பார்த்த சாளுங்கே என்ற இளைஞர்தான் தாராமதியாக நடித்தார். 1913 மே 3 அன்று பம்பாய் கோரனேஷன் தியேட்டரில் படம் வெளியானது. பெரிய வெற்றி. இப்படிப்பட்ட படங்களால் ஈர்க்கப்பட்டுத்தான், சென்னையில் மோட்டார் உதிரி பாக வியாபாரம் செய்துகொண்டிருந்த நடராஜ முதலியார் கீசக வதம் எடுத்தார். தென்னிந்தியாவின் முதல் கதைப்படம் அது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் படிக்கும் நமக்கு இதில் ஒரு தனி சந்தோஷம்: நம்ம ஊர் சினிமாவும் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ்காரர் கையில்தான் தொடங்கியிருக்கு!

1914-இல் உலகப்போர். கச்சா ஃபிலிம் முழுக்க வெளிநாட்டுச் சரக்கு. வரத்து குறைந்தது, கடன் கொடுத்தவர்களும் கையை இழுத்துக்கொண்டார்கள். 2021-இல் சிப் கிடைக்காமல் கார் கம்பெனிகள் உற்பத்தியைக் குறைத்ததே, அதே கதைதான். திறமை முழுக்க இங்கே, மூலப்பொருள் முழுக்க அங்கே.

பெரிய படம் எடுக்க வழியில்லாத அந்தக் காலத்தில் பால்கே குட்டிப் படங்கள் எடுத்தார். அதில் ஒன்றுதான் 1915-இல் வந்த ஆக்காட்யாஞ்சி மௌஜ். மராத்தியில் தீக்குச்சிகளின் கும்மாளம் என்று அர்த்தம். சிவகாசிக்குத் தீப்பெட்டித் தொழில் வருவதற்கு முன்பே, பால்கே தீக்குச்சிகளை ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தி உயிர் கொடுத்துவிட்டார். பிரான்சில் எமில் கோல் 1908-இலேயே தீக்குச்சிப் படம் செய்திருந்தார். ஆனால் பால்கேயிடம் இருந்தது ஒரு வீடும், ஒரு கேமராவும், எண்ணி எண்ணிச் செலவழிக்க வேண்டிய ஃபிலிமும்தான். படம் வரைய ஆள் வைக்க முடியாதவருக்குத் தீக்குச்சிதான் நடிகர். இந்திய அனிமேஷனின் தொடக்கம் இப்படிப்பட்ட பற்றாக்குறையில்தான் இருக்கிறது.

1917-இல் லங்கா தகனம் வந்தது. ராமன், சீதை இரண்டு வேடத்திலும் அதே சாளுங்கே! வசூலான சில்லறையை மாட்டு வண்டியில் போலீஸ் காவலோடு கொண்டுபோனார்களாம். 1918-இல் பம்பாய் முதலாளிகளைச் சேர்த்து இந்துஸ்தான் சினிமா பிலிம்ஸ் கம்பெனி ஆரம்பித்தார். மறுபடியும் பங்குதாரர்களோடு மனக்கசப்பு. கோபித்துக்கொண்டு காசிக்குப் போய் நாடகம் எழுதினார், பிறகு அதே கம்பெனிக்குத் திரும்பினார். பேசும் படம் வந்ததும் அவர் காலம் முடிந்தது. 1937-இல் வந்த கங்காவதரணம்தான் கடைசிப் படம். 1944 பிப்ரவரி 16 அன்று நாசிக்கில், கையில் பெரிதாக எதுவும் இல்லாமல் இறந்தார். விருது வந்தது 1969-இல்.

அதற்குள் அவர் தொட்ட வேலை வேறு கைகளுக்குப் போயிருந்தது. 1956-இல் பிலிம்ஸ் டிவிஷனில் கார்ட்டூன் பிரிவு தொடங்கியது. டிஸ்னியில் வேலை செய்த கிளேர் வீக்ஸ் வந்து பயிற்சி கொடுத்தார். அங்கே கற்றவர்களில் ராம் மோகனும் ஒருவர். 1986-இல் தூர்தர்ஷனில் காயப் ஆயா என்ற அனிமேஷன் தொடர் வந்தது.

பால்கே வாழ்க்கையில் நமக்கு இரண்டு பக்கமும் இருக்கு. ஒரு தொழிலின் எல்லாக் கண்ணியையும் தானே கற்றார், துளை போடுவது முதல் திரையிடுவது வரை. அது அவரை ஜெயிக்க வைத்தது. ஃபிலிமும் முதலும் அடுத்தவர் கையில் இருந்தன. அது அவரைக் கவிழ்த்தது. நாளைக்கு நாம் எந்த லைனில் போய் நின்றாலும், நம்ம ஸ்டேஷனுக்கு முன்னாடியும் பின்னாடியும் என்ன நடக்குதுன்னு தெரிஞ்சு வைத்துக்கொள்வது நல்லது.

தீக்குச்சிப் படம் இன்று கிடைப்பதில்லை. முறை இருக்கு. ஹாஸ்டல் அறையில் ஈரப் பஞ்சில் நாலு பச்சைப்பயறு போடுங்கள். போனை அசையாமல் நிறுத்தி, ஒரே டேபிள் லைட்டைப் போட்டு, 5 நிமிடத்துக்கு ஒரு படம். இரண்டு நாளில் 576 படங்கள். விநாடிக்கு 16 என்று ஓட்டினால் 36 விநாடிப் படம் ரெடி. போனில் டைம்லாப்ஸ் பட்டன் இருக்கு, தெரியும். ஒரு மணி நேரமாவது அதைத் தொடாமல் கையால் எடுத்துப் பாருங்கள். ரூம்மேட்டோடு ஷிப்ட் போட்டுக்கொண்டால் மீதியும் முடியும்.