இரத்தத்தின் வழியைக் கண்ட இப்னு நஃபீஸ் (ரஹ்)

ஷாம் நாட்டின் திமிஷ்க் பட்டணத்திலுள்ள நூரீ மருத்துவமனையில் வைத்தியம் பயின்றவர் அலாவுத்தீன் அலீ இப்னு அபில் ஹஸ்ம். இப்னு நஃபீஸ் என்றே உலகம் அவரை அறியும். பின்னர் மிஸ்று நாட்டின் கெய்ரோ நகரில் குடியேறி, மஸ்ரூரிய்யா மத்ரஸாவில் ஷாஃபிஈ ஃபிக்ஹு போதித்தார். நம் கடற்கரை ஊர்களில் பலர் பின்பற்றும் அதே மத்ஹபுதான். கிதாபு ஓதிக்கொடுத்த அந்த ஆலிமே நோயாளிகளின் நாடியையும் பிடித்துப் பார்த்தார்.

இதயத்தின் வலது, இடது அறைகளுக்கு இடையிலுள்ள சுவரில் கண்ணுக்குப் புலனாகாத துளைகள் உண்டு, அவற்றின் வழியே இரத்தம் இடப்புறம் கசிகிறது என்பது கிரேக்க வைத்தியர் ஜாலீனூஸின் கொள்கை. ஆயிரம் ஆண்டுகளாக அதை மறுத்தார் இலர். மாமேதை இப்னு சீனாவின் 'கானூன்' நூலும் அதை ஒட்டியே சென்றது. அந்நூலின் உடற்கூற்றுப் பகுதிகளுக்கு 1242-இல் இப்னு நஃபீஸ் விரிவுரை எழுதினார். மூலநூலைத் தாங்கிப் பேசுவதே உரையாசிரியர்களின் வழக்கம். இவரோ, அச்சுவர் தடித்தது, அதில் துளையே இல்லை என்று துணிந்து எழுதினார். வலது அறையின் இரத்தம் தடித்த குழாய் ஒன்றின் வழியே நுரையீரலை அடைகிறது; அங்கே காற்றுடன் கலந்து, மெல்லிய குழாய் வழியே இடது அறைக்குத் திரும்புகிறது; இரு குழாய்களுக்கும் இடையே நுண்வழிகள் இருந்தே ஆகவேண்டும் என்றார். மென்மையான இரத்தம் மட்டும் கசிவதற்காகவே முதற்குழாய் தடித்துள்ளது என்பது அவர் கணிப்பு. இரத்தத்தின் அழுத்தமே காரணம் என இன்று அறிவோம். எனினும், குழாயின் அமைப்பை நோக்கி அதன் பணியை உணர முயன்றாரே, அதுவன்றோ அறிவு! அந்நுண்வழிகளை மால்பிகி என்னும் இத்தாலியர் உருப்பெருக்கியால் கண்டது 1661-இல்தான்.

பிரேதத்தை அறுத்துப் பார்ப்பதை ஷரீஅத்தும் தம் இரக்க சுபாவமும் தடுத்ததாக அவரே எழுதியுள்ளார். அங்ஙனமாயின் இவ்வளவு திட்டமாக அறிந்தது எவ்வாறு? ஆய்வாளர்களிடையே இன்றும் தீராத மஸ்அலா அது.

ஒருநாள் ஹம்மாமில் குளித்துக்கொண்டிருந்தவர் பாதியில் வெளியே வந்து, மையும் எழுதுகோலும் தாளும் கேட்டு வாங்கி, நாடியைப் பற்றி ஒரு நூலை எழுதி முடித்த பின்னரே மீண்டும் குளிக்கச் சென்றாராம்.

இறுதி நோயில் மருந்தாக மது அருந்துமாறு மருத்துவ நண்பர்கள் வற்புறுத்தியும் மறுத்துவிட்டார். தம் இல்லத்தையும் கிதாபுகளையும் கெய்ரோவின் மன்ஸூரீ மருத்துவமனைக்கு வக்ஃபு செய்துவிட்டு, ஹிஜ்ரி 687-இல் (கி.பி. 1288) வஃபாத்தானார்.

நுரையீரல் வழி இரத்த ஓட்டத்தைக் கண்ட பெருமை நெடுங்காலம் 16-ஆம் நூற்றாண்டு ஐரோப்பியருக்கே தரப்பட்டது. 1924-இல் முஹ்யித்தீன் தத்தாவீ என்ற மிஸ்று நாட்டு மருத்துவர், பெர்லினில் இருந்த கையெழுத்துப் பிரதி ஒன்றைப் படித்து உண்மையை வெளிக்கொணர்ந்தார்.