இரண்டு விரலில் ஜாஸ் கிதாரை மாற்றியவர்: யார் இந்த ஜாங்கோ ரைன்ஹார்ட்?

இடது கையில் இரண்டு விரல்கள் சரியாக வேலை செய்யாது. இசைக் குறிப்பு படிக்கவும் தெரியாது. ஆனாலும் ஜாஸ் கிதார் என்றாலே முதலில் சொல்லப்படும் பெயர்களில் ஒன்று, ஜாங்கோ ரைன்ஹார்ட். இது எப்படிச் சாத்தியமாச்சு?

வண்டி வீட்டில் வளர்ந்தவர்

1910 ஜனவரி 23 அன்று பெல்ஜியத்தின் லிபெர்ஷி கிராமத்தில், ரோமா நாடோடிக் குடும்பத்தில் பிறந்தார் ஜாங்கோ. வளர்ந்தது பாரிஸ் புறநகரில், வண்டி வீடுகளுக்கு நடுவே. சின்ன வயசிலேயே பாஞ்சோ வாசித்துச் சம்பாதிக்க ஆரம்பிச்சுட்டார்.

தீ விபத்து

1928 நவம்பர். மனைவி விற்பதற்காகச் செய்து வைத்திருந்த செல்லுலாய்டு பூக்களில் மெழுகுவர்த்தி நெருப்பு பட்டு, வண்டி முழுக்கத் தீ பரவியது. அப்போது ஜாங்கோவுக்கு 18 வயது. வலது காலை எடுக்கணும் என்றனர் மருத்துவர்கள். அவர் சம்மதிக்கவில்லை, கால் பிழைத்தது. ஆனால், இடது கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்கியபடியே நின்றுவிட்டன. கிதாரில் சுரங்களை அழுத்திப் பிடிப்பது அந்தக் கைதான். தம்பி ஜோசப் கொண்டுவந்த கிதாரில், மீதமிருந்த விரல்களை வைத்து முதலிலிருந்து பழகினார்.

இரண்டு விரல் கணக்கு

வயலின் கலைஞர் ஸ்டெஃபான் கிராப்பெல்லியுடன் சேர்ந்து 1937இல் அவர் பதிவு செய்த 'மைனர் ஸ்விங்' இசையையே எடுத்துக்கொள்வோம். அது ஏ மைனரில் அமைந்தது. பின்னணியில் ஈ7 கார்டு ஒலிக்கும்போது, சோலோ வாசிப்பவர் அதற்குப் பதிலாக ஜி ஷார்ப் டிமினிஷ்ட் கார்டின் சுரங்களை வாசிக்கலாம். அதாவது ஜி ஷார்ப், பி, டி, எஃப். இப்படி ஒரு கார்டின் இடத்தில் இன்னொன்றை வைப்பதுதான் 'கார்டு சப்ஸ்டிட்யூஷன்'.

முதல் மூன்று சுரங்களும் ஈ7க்குள்ளேயே இருக்கு. எஃப் மட்டும்தான் புதுசு. அந்த ஒரு சுரம் காதில் ஒரு தவிப்பை உண்டாக்கும். ஏ மைனருக்குத் திரும்பியதும் அது அடங்கும். நான்குமே ஏ ஹார்மோனிக் மைனர் ஸ்கேலில் உள்ளவை. கர்நாடக இசைக் கணக்கில் இது கீரவாணி ராகத்தின் சுர வரிசை.

இதில் இன்னொரு வசதியும் உண்டு. இந்தச் சுரங்களுக்கு இடையே எப்போதும் மூன்று ஃபிரெட் இடைவெளி. விரல்களை அதே வடிவில் வைத்து மூன்று ஃபிரெட் நகர்த்தினால் போதும், அதே நான்கு சுரங்கள் வேறு வரிசையில் கிடைக்கும். புதிதாக எந்தப் பிடியும் தேவையில்லை. இரண்டு விரலில் வாசிப்பவருக்கு வேறென்ன வேணும்? ஜாங்கோவின் சோலோக்களில் இந்த ஓட்டம் அடிக்கடி வரும்.

போரும் பிறகும்

1939இல் போர் தொடங்கியபோது கிராப்பெல்லி லண்டனிலேயே தங்கிவிட, ஜாங்கோ பாரிஸ் திரும்பினார். நாஜிகள் ரோமா மக்களைக் கொன்று குவித்த காலம் அது. 1943இல் சுவிட்சர்லாந்துக்குத் தப்பிக்க முயன்றும் முடியவில்லை. எப்படியோ உயிர் பிழைத்தார். 1946இல் டியூக் எலிங்டனுடன் அமெரிக்காவில் சுற்றுப்பயணம் செய்தார்.

1953 மே 16 அன்று மூளை ரத்தக்கசிவால் இறந்தபோது அவருக்கு வயது 43 மட்டுமே. இன்று ஜாஸ் கிதார் கற்கும் மாணவர்கள் பலர், எல்லா விரல்களும் நன்றாக இருந்தும், அவருடைய அந்த இரண்டு விரல் பாதைகளைத்தான் பழகிப் பார்க்கிறார்கள்.