கழுதை ஓட்டிய சிறுவன் பேராசிரியர் ஆனார்

15 வயது வரை அவருக்குப் பத்திரிகை படிக்கத் தெரியாது. அதே மனிதர் பிற்காலத்தில், உலகப் புகழ் பெற்ற ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் மொழியியல் பேராசிரியர் ஆனார். அவர்தான் ஜோசப் ரைட்.

1855-ம் ஆண்டு அக்டோபர் 31-ந் தேதி, இங்கிலாந்தின் யார்க்ஷயர் பகுதியில், பிராட்போர்டு நகரை அடுத்த ஐடில் என்ற ஊரில் பிறந்தார். வறுமைப்பட்ட குடும்பம். 6 வயதிலேயே கல்குவாரி வேலைக்குப் போனார். கல் உடைப்போரின் மழுங்கிய கருவிகளைக் கழுதை வண்டியில் ஏற்றி, கொல்லன் பட்டறைக்குக் கொண்டு போய், தீட்டி வாங்கி வருவது அவர் வேலை.

7 வயதில் சால்ட்டேர் கம்பளி ஆலையில் சேர்ந்தார். நூல் நிறைந்த பாபின்களைக் கழற்றிவிட்டு, வெறும் பாபின்களை மாட்ட வேண்டும். பாதி நாள் ஆலை. பாதி நாள் ஆலைப் பள்ளிக்கூடம். அங்கே அவர் கற்றது கொஞ்சம் எழுத்தும் எண்ணும்தான். பிறகு வேறொரு ஆலையில் கம்பளியைத் தரம் பிரிக்கும் தொழிலாளி ஆனார்.

போர்ச் செய்தி

1870-ல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. ஆலையில் ஒரு தொழிலாளி பத்திரிகையை உரக்கப் படிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள். பிறர் படித்துச் சொன்னால்தான் உலகம் தெரியும் என்ற நிலை ஜோசப்புக்கு உறுத்தியது. பைபிளையும், ஜான் பனியன் எழுதிய மோட்சப் பயணக் கதையையும் வைத்துக்கொண்டு தாமே படிக்கப் பழகினார்.

அதன்பின் இரவுப் பள்ளி. பிரெஞ்சு, ஜெர்மன், லத்தீன் என்று ஒவ்வொன்றாகக் கற்றார். கற்றதைத் தம்மோடு வைத்துக்கொள்ளவில்லை. தாயாரின் சிறு வீட்டிலேயே இரவுப் பள்ளி நடத்தி, வாரம் 2 பென்சு கட்டணத்தில் மற்றத் தொழிலாளர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்.

நடந்தே போனார்

கூலியில் மிச்சம் பிடித்து 40 பவுண்டு சேர்த்தார். 1876-ல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்துக்குப் புறப்பட்டார். பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் இறங்கி, செலவை மிச்சப்படுத்த ஹைடல்பர்க் வரை நடந்தே போனார்! கொஞ்ச காலத்தில் ஊர் திரும்பி, பள்ளி ஆசிரியராக வேலை பார்த்தார். 1882-ல் மறுபடியும் ஹைடல்பர்க் போய், 1885-ல் டாக்டர் பட்டம் பெற்றார்.

பழைய மொழிகளை ஒப்பிட்டு ஆராய்வதில் ஜெர்மானிய அறிஞர்கள் அப்போது முன்னணியில் நின்றார்கள். வடமொழியில் பிதா; லத்தீனில் பாட்டர்; ஆங்கிலத்திலோ ஃபாதர். முன்னிரண்டில் ‘ப’ என்று ஒலிப்பது, ஆங்கிலம், ஜெர்மன் முதலிய ஜெர்மானிய மொழிகளில் ‘ஃப’ ஆகிவிட்டது. இது தற்செயல் அல்ல. ஒழுங்கான விதி என்று 1822-ல் யாக்கோபு கிரிம் விளக்கியிருந்தார். வழக்கொழிந்துபோன காதிக் மொழியில், 4-ம் நூற்றாண்டில் உல்ஃபிலா பாதிரியார் செய்த பைபிள் மொழிபெயர்ப்பின் பகுதிகள் இத்தகைய ஆராய்ச்சிக்குப் பெரிய ஆதாரம்.

ஏட்டில் உள்ள மொழி மட்டும் போதாது, சாமானியர் வாயில் வழங்கும் வட்டார மொழியும் வேண்டும் என்று ரைட்டின் ஆசிரியரான ஆஸ்டாஃபும் அவர் தோழர்களும் வற்புறுத்தினார்கள். ரைட்டுக்கு அந்த மொழி வெளியில் தேட வேண்டிய பொருள் அல்ல; அவருடைய தாய்மொழியே அதுதான். பொது ஆங்கிலம் கைவிட்ட ‘நீ’ என்ற ஒருமைச் சொல்கூட யார்க்ஷயர் மக்களின் பேச்சில் வழங்கி வந்தது. படித்தவர்கள் கொச்சை என்று ஒதுக்கிய பேச்சுக்கும் ஒழுங்கான இலக்கணம் உண்டு என்று அவர் காட்டினார். 1892-ல் காதிக் மொழிப் பாடநூலை வெளியிட்டார். தாம் வளர்ந்த விண்ட்ஹில் ஊரின் பேச்சுமொழிக்கு இலக்கண நூல் வெளியிட்டதும் அதே ஆண்டில்தான்!

ஒரு டன் சீட்டுகள்

1888-ல் ஆக்ஸ்போர்டு வந்த ரைட், 1891-ல் துணைப் பேராசிரியர் ஆனார். ரிக் வேதத்தைப் பதிப்பித்த மாக்ஸ்முல்லர் வகித்த பேராசிரியர் பதவி, 1901-ல் அவருக்குக் கிடைத்தது. 1925 வரை அப்பதவியில் இருந்தார்.

இதற்கிடையே ஆங்கில வட்டாரச் சொற்களுக்கு அகராதி தயாரிக்கும் பொறுப்பையும் ஏற்றார். தொண்டர்கள் ஊர் ஊராகத் திரட்டி அனுப்பிய சொற்சீட்டுகள் ஏறத்தாழ ஒரு டன் எடை! அச்சிடப் பணம் போட ஆள் இல்லை. கூலி வேலையில் தொடங்கி வாழ்நாளெல்லாம் சேர்த்த பணத்தைத் துணிந்து அதில் போட்டார். 1898 முதல் 1905 வரை 6 தொகுதிகளும் வெளிவந்தன.

மாணவியாக இருந்து 1896-ல் மனைவியான எலிசபெத் மேரி, அகராதிப் பணியிலும் இலக்கண நூல்களிலும் தோள் கொடுத்தார். இவர்களின் இரண்டு குழந்தைகளும் சிறு வயதிலேயே இறந்தன. அந்தத் துயரத்தைத் தாங்கிக்கொண்டு இருவரும் வேலையைத் தொடர்ந்தார்கள்.

பிற்காலத்தில் நாவலாசிரியராகப் புகழ் பெற்ற டோல்கின், பள்ளிப் பருவத்தில் ரைட்டின் காதிக் பாடநூலைப் படித்து மயங்கியவர். பின்னர் அவரிடமே மாணவரானார்.

பேராசிரியர் ஆன பிறகும் ரைட் தம் யார்க்ஷயர் உச்சரிப்பை விடவில்லை. ஆக்ஸ்போர்டில் கட்டிய வீட்டுக்கு, தாம் பிறந்த பகுதியின் பெயரான ‘தாக்லி’ என்பதையே வைத்தார். 1930-ம் ஆண்டு பிப்ரவரி 27-ந் தேதி காலமானார். ஆலைத் தெருவில் பேசிய சொற்கள் அவர் உழைப்பால் ஆக்ஸ்போர்டு நூலகத்தில் ஏறின.