தங்கையை இழந்தவர் கட்டிய மருத்துவமனை: டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி

ஜூலை 30-ஆம் தேதியைத் தமிழக அரசு மருத்துவமனை தினமாகக் கொண்டாடுகிறது. அது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பிறந்தநாள்.

1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தார். ஆண்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் ஒரு பெண் சேர்வதற்குக் கடும் எதிர்ப்பு. மன்னர் அனுமதி கொடுத்ததால் படித்தார். 1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912-ல் பட்டம் பெற்றார். பின்னாளில் சென்னை சட்டமன்றத் துணைத் தலைவரானார். தேவதாசி முறை ஒழியப் போராடினார். ஆதரவற்ற பெண்களுக்காக அவ்வை இல்லம் தொடங்கினார்.

இத்தனைக்கும் நடுவே ஒரு துக்கம் அவரை விடவில்லை. தங்கை சுந்தராம்பாளுக்கு வந்த குடல் புற்றுநோயை முதலில் சீதபேதி என்று நினைத்து வைத்தியம் பார்த்தார்கள். உண்மை தெரிந்தபோது காலம் கடந்திருந்தது. 1923-ல் தங்கை இறந்தார். அக்கா ஒரு டாக்டராக இருந்தும் காப்பாற்ற முடியவில்லை.

அப்போதே புற்றுநோய்க்கென ஒரு மருத்துவமனை வேண்டும் என்று முடிவு செய்தார். குணமாகாத நோய்க்கு மருத்துவமனை எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. அவர் விடாமல் நிதி திரட்டினார். 1952-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-ல் 12 படுக்கைகளுடன் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியது. வெளிநாட்டில் பயிற்சி பெற்றுத் திரும்பிய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அதை நடத்தினார். 1968-ல் முத்துலட்சுமி மறைந்தார். 1984-ல் அங்கே தொடங்கிய கல்லூரிதான், புற்றுநோய் மருத்துவத்துக்கும் அறுவை சிகிச்சைக்கும் நாட்டிலேயே முதன்முதலில் தனி உயர்படிப்பு நடத்தியது.

சுந்தராம்பாளுக்கு நடந்தது தோல் விஷயத்தில் இன்றும் நடக்கலாம். சில வாரங்களாகியும் ஆறாத புண், நிறமோ அளவோ மாறும் மச்சம், உள்ளங்காலில் புதிதாக வந்த கரும்புள்ளி இவற்றைக் கட்டி, ஆணி என்று நினைத்துக் களிம்பு தடவிக்கொண்டே இருக்கிறோம். தோல் டாக்டரிடம் காட்டினால், சின்னத் துண்டு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பிச் சொல்லிவிடுவார். புற்றுநோய்தான் என்றால், ஓரத்தில் மிச்சம் இல்லாமல் வெட்டியெடுக்க அதற்கென்றே பயிற்சி பெற்றவர் வேண்டும். தோல் டாக்டர்களிலும் அந்தப் பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள். ஆரம்பத்திலேயே பார்த்தால் பெரும்பாலும் குணமாகிவிடும்.

பொன்னேரியில் மின்சார ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கினால், அடையாறு அங்கிருந்து பஸ் தூரம்தான். வீட்டுப் பெரியவர்களின் கால், முதுகை இந்த ஞாயிற்றுக்கிழமை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.