மணல் கோலத்தின் மர்மம் கண்ட மங்கை



பரிசளிப்பு விழா மலரிலே, பரிசு கிடைத்தும் வாங்கப் போகாத ஒரு பெண்மணியின் கதையைச் சொல்ல வந்திருக்கிறேன். அவர் பெயர் சோபி ஜெர்மேன். பிரான்சு நாட்டுப் பாரிஸ் நகரில் 1776ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி பிறந்தவர். தந்தையார் பட்டு வியாபாரி. வசதிக்குக் குறைவில்லை.

1789இல் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. தெருவெல்லாம் கலகம். பதின்மூன்று வயதுச் சிறுமி வெளியே போக வழியில்லாமல் அப்பாவின் புத்தக அறையிலேயே கிடந்தாள். அங்கேதான் ஆர்க்கிமிடீஸ் கதையைப் படித்தாள். ரோமானியச் சிப்பாய் வந்து நின்றதுகூடத் தெரியாமல் கணக்கில் மூழ்கியிருந்து உயிரை விட்டாராம் அந்த மனுஷர். அப்படி மயக்குகிற கணக்கிலே என்னதான் இருக்கிறது? அன்று பிடித்த பைத்தியம் சோபியைக் கடைசிவரை விடவில்லை.

பொம்பளைப் பிள்ளைக்குக் கணக்கு எதற்கு என்று பெற்றோர் தடுத்தார்கள். (இந்தப் பேச்சு நமக்கும் புதிதல்லவே!) ராத்திரியில் மெழுகுவர்த்தியைப் பிடுங்கிக்கொண்டார்கள். குளிர்காயும் நெருப்பை அணைத்தார்கள். உடுப்பைக்கூட எடுத்து வைத்துவிட்டார்கள். அவளோ ஒளித்து வைத்த மெழுகுவர்த்தியை ஏற்றி, போர்வையைச் சுற்றிக்கொண்டு படித்தாள். ஒருநாள் காலையில் பார்த்தால் மைக்கூட்டில் மை உறைந்து கிடக்கிறது. பிள்ளை மேசையிலேயே தூங்குகிறாள். அதற்கப்புறம்தான் பெற்றோர் மனம் இளகியது.

1794இல் பாரிசில் தொடங்கிய எகோல் பாலிடெக்னிக் கல்லூரியில் பெண்களுக்கு இடமில்லை. சோபி பாடக் குறிப்புகளை வாங்கிப் படித்து, லெப்லாங் என்ற ஆண் பெயரில் கட்டுரை எழுதிப் பேராசிரியர் லக்ராஞ்சுக்கு அனுப்பினார். எழுதியது ஒரு பெண் என்று தெரிந்த பிறகும் அந்தப் பெரியவர் ஊக்கமே கொடுத்தார்.

இனித்தான் மணல் கதை. 1808இல் கிளாட்னி என்ற ஜெர்மானியர் பாரிசுக்கு வந்தார். மெல்லிய உலோகத் தகட்டின் மேல் மணலைத் தூவி, ஓரத்தில் வயலின் வில்லை இழுத்தார். தகடு பாடிற்று. மணல் துள்ளி ஓடிக் கோடு கோடாகச் சேர்ந்து கோலமாகிவிட்டது! ஆடுகிற இடத்தில் மணல் நிற்காது. ஆடாத இடத்தில் போய் ஒதுங்கும். பிள்ளைகளே, மேளத்தோல் மேல் நாலு அரிசியைப் போட்டுத் தட்டிப் பாருங்கள், விளங்கும். ஓசை மாறினால் கோலமும் மாறும். ஏன் அந்தந்த ஓசைக்கு அந்தந்தக் கோலம்? இதற்குக் கணக்கு காட்டுபவருக்குப் பரிசு என்று பிரெஞ்சு அறிவியல் கழகம் 1809இல் அறிவித்தது. அன்றைய கணிதம் இதற்குப் போதாதென்று லக்ராஞ்சே கருதியதால் பலரும் ஒதுங்கிக்கொண்டார்கள்.

1811இல் வந்த ஒரே கட்டுரை சோபியுடையது. கணக்கில் பிழை, பரிசில்லை. ஆனாலும் அதிலிருந்த யோசனையைப் பிடித்துத்தான் லக்ராஞ்சு சரியான சமன்பாட்டை எழுதினார். 1813இல் மறுபடி அனுப்பினார். வெறும் பாராட்டு. மூன்றாம் தடவை, 1816 ஜனவரி 8ஆம் தேதி பரிசு அவருக்கே என்று ஆயிற்று. விழாவுக்கு அவர் போகவில்லை.

அந்தக் கட்டுரையிலும் குறை உண்டு. தகட்டின் ஓரங்களுக்கான விதிகளை 1850இல் கிர்க்காப் என்பவர்தான் சரியாக்கினார். சோபிக்கு மூளையில் குறைவில்லை, முறையாகச் சொல்லிக்கொடுக்க ஆளில்லை என்பதே என் எண்ணம்.

இன்று அந்தத் தகட்டைக் கம்ப்யூட்டரில் ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டும் பக்கத்துத் துண்டை எப்படி இழுக்கிறது என்று கணக்கிட்டுச் சேர்க்கிறார்கள். பைனைட் எலிமென்ட் முறை என்று பெயர். கித்தார்ப் பலகை எப்படிப் பாடும், காருக்குள்ளே இரைச்சல் எப்படிப் பரவும் என்றெல்லாம், செய்வதற்கு முன்னாலேயே இந்த முறையில் பார்த்துவிடலாம்.

மார்புப் புற்றுநோயோடு போராடிக்கொண்டே கணிதம் எழுதிய சோபி, 1831 ஜூன் 27ஆம் தேதி தமது 55ஆவது வயதில் கண்ணை மூடினார். இறப்புப் பதிவில் தொழில் என்ற இடத்தில் சொத்து வருமானத்தில் வாழ்ந்தவர் என்று எழுதினார்கள். கணித அறிஞர் என்று எழுதவில்லை.